இரண்டு விரல் திறந்திருக்கு

நிறைமாதப் பரிசோதனைக்குப் போய் வந்த நாளில் வீடு முழுக்க ஒரே கேள்விதான்: “வாய் திறந்திருக்காமா?” இரண்டு விரல் திறந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டால் போதும், பிரசவப் பை வாசலுக்கு வந்துவிடும், வெளியூரில் இருக்கும் மாப்பிள்ளை லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடுவார். பிறகு நாள் போகும், வாரமும் போகும், வலி மட்டும் வராது. அதே நாளில், அதே 38ஆவது வாரத்தில், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணை “இன்னும் மூடித்தான் இருக்கு, அடுத்த வாரம் வாங்க” என்று அனுப்பியிருப்பார்கள். அவளுக்கு அன்று இரவே வலி எடுத்து, மறுநாள் குழந்தை பிறந்திருக்கும்.

டாக்டரின் கை தவறவில்லை. இரண்டு பேரிடமும் சொன்னது அந்த நேரத்து உண்மை. நாம்தான் அதைத் தேதியாக எடுத்துக்கொள்கிறோம். விரல் எதைத் தொட்டுப் பார்க்கிறது, அந்த இடத்தில் கடைசி வாரங்களில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பதற்றம் குறையும். சில வீடுகளில் தேவையில்லாத அவசரமும் குறையும்.

கருப்பையின் அடிப்பகுதி குறுகி, மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு தடித்த குழாயாகி, பிறப்புப் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. மருத்துவ நூல்களில் இதற்குக் கருப்பைக் கழுத்து என்று பெயர். பேச்சில் கர்ப்பப்பை வாய். குழாயின் மேல்முனை, குழந்தையின் பக்கம் இருப்பது, உள்வாய். கீழ்முனை வெளிவாய். நடுவில் ஓடும் சின்னப் பாதையைக் கெட்டியான சளி அடைத்துக்கொண்டிருக்கும். கிருமிகள் மேலே ஏறாமல் தடுப்பது அது. குழந்தை, நஞ்சு, பனிக்குட நீர் எல்லாம் சேர்த்து நான்கு கிலோவுக்கும் மேல் எடை மேலே இருக்க, மாதக்கணக்கில் இந்தச் சிறிய கழுத்து மூடியபடியே இருக்கிறது. பிறகு ஒரு நாளில், சில மணி நேரத்துக்குள், பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு விரிந்து குழந்தையின் தலையை விடுகிறது. பிறந்த சில வாரங்களில் மறுபடி மூடிக்கொள்கிறது. உடம்பில் வேறெந்தத் திசுவும் இப்படி ஒரு வேலையைச் செய்வதாக எனக்குத் தெரியவில்லை.

இதைத் தசை என்று நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு. இறுக்கிப் பிடித்திருந்த தசை பிரசவத்தில் தளர்கிறது என்றால் விளக்கம் எளிதாக முடிந்துவிடும். டேவிட் டான்ஃபோர்த் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழுத்துத் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார். அங்கே பெரும்பகுதி நார்தான், தசை கொஞ்சம்தான் என்று 1947இல் எழுதினார். உள்வாயை ஒட்டி வளையமாகத் தசையும் கணிசமாக இருக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் படத்தைச் சற்றுத் திருத்தியிருக்கின்றன. ஆனாலும் அடிப்படைக் கேள்வி டான்ஃபோர்த்தோடு மாறிவிட்டது. நாருக்குத் தளரத் தெரியாது. அப்படியானால் திறப்பதற்கு முன்னால் அந்த நாரின் அமைப்பே மாறியாக வேண்டும்.

கன்னியாகுமரிப் பக்கம் தேங்காய் மட்டையைக் காயலில் ஊறப்போட்டுக் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பச்சை மட்டையில் நார் எல்லாம் இருக்கிறது, ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிப்பட்டு இருக்கிறது, இழுத்தால் வராது. மாதக்கணக்கில் தண்ணீரில் கிடந்தபின், நாருக்கு நடுவே பிடித்திருந்த பசை கரைந்து, தண்ணீர் உள்ளே போய், தட்டினாலே நார் பிரிகிறது. நார் அறுபடவில்லை, அதைக் கட்டியிருந்தது போய்விட்டது. கருப்பைக் கழுத்தில் நாராக இருப்பது கொலாஜன் என்ற புரதம். அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் குறுக்குப் பிணைப்புகள் கர்ப்ப காலத்தில் குறைந்துகொண்டே வருகின்றன. பழைய இழைகள் கழிந்து, பிணைப்பு குறைவான புது இழைகள் அந்த இடத்துக்கு வருகின்றன. கடைசிக் கட்டத்தில் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் ஹயலுரோனான் என்ற பொருள் கூடுகிறது; திசு ஊறிப் பருக்கிறது. மருத்துவர்கள் இதைக் கழுத்து பக்குவப்படுவது என்பார்கள்.

இந்த மென்மை கடைசி வாரத்தில் திடீரென்று வருவதில்லை. கர்ப்பம் நின்ற இரண்டாம் மாதத்திலேயே கழுத்து மிருதுவாகத் தொடங்கிவிடும். ஸ்கேன் இல்லாத நாட்களில் கர்ப்பத்தை உறுதி செய்ய மருத்துவர்கள் தேடிய அடையாளங்களில் இதுவும் ஒன்று. ஆக, வெளியே ஒன்றும் தெரியாத பல மாதங்களும் கழுத்துக்கு வேலை நாட்கள்தான்.

வேலையை அவசரப்படாமல் பிடித்து வைத்திருப்பது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். ஆட்டிலும் எலியிலும் ஈனும் நேரம் நெருங்கும்போது ரத்தத்தில் இது சரிந்துவிடும். மனிதப் பெண்ணுக்குச் சரிவதில்லை. ரத்தத்தில் அளவு அப்படியே இருக்க, திசு மட்டும் அதன் பேச்சைக் கேட்காமல் போகிறது. எப்படித் தெரியும்? மிஃபெப்ரிஸ்டோன் என்ற மருந்து திசுவில் புரோஜெஸ்டிரோன் ஒட்டிக்கொள்ளும் இடத்தை அடைத்துவிடும். அதைக் கொடுத்தால் ஹார்மோன் குறையாமலேயே கழுத்து மிருதுவாகிறது.

இதைவிட நுட்பமான சாட்சி ஒன்று எலிகளிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் டெக்சஸில் மாலா மகேந்த்ரூவும் அவருடைய சகாக்களும் 1990களில் ஒரு குறிப்பிட்ட என்சைம் இல்லாத எலிகளை வைத்து ஆராய்ந்தார்கள். கழுத்துத் திசுவுக்குள் இருக்கும் புரோஜெஸ்டிரோனைச் சிதைப்பது அந்த என்சைமின் வேலை. அந்த எலிகளுக்கு நாள் நிறைந்தது. ரத்தத்தில் ஹார்மோன் வழக்கம்போலச் சரிந்தது. கருப்பையும் சுருங்கி விரிந்தது. ஆனால் பல எலிகளுக்குக் குட்டி வெளியே வரவில்லை. கழுத்துக்குள் மட்டும் ஹார்மோன் தேங்கி நின்றதால் அது பக்குவப்படவே இல்லை. வலி எடுப்பது ஒரு வேலை, வாய் பக்குவப்படுவது இன்னொரு வேலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை குறைவு. நல்ல பிரசவத்துக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். முதலில் சொன்ன இரண்டு பெண்களின் புதிரில் பாதி இங்கேயே அவிழ்கிறது: ஒருத்திக்கு வாய் முந்திக்கொண்டது, வலி இன்னும் வரவில்லை. இன்னொருத்திக்கு மூடியிருந்த கழுத்து உள்ளுக்குள் ஏற்கெனவே மிருதுவாகிவிட்டது; வலி வந்ததும் வழிவிட்டது.

மீதிப் பாதி, “இரண்டு விரல்” என்ற அந்த அளவில் இருக்கிறது. உள்பரிசோதனையில், ஆஸ்பத்திரிப் பேச்சில் பி.வி. பார்ப்பது, மருத்துவர் கையுறை போட்ட ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே செலுத்தி ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார். வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது அதில் ஒன்றுதான். கழுத்தின் நீளம் எவ்வளவு தேய்ந்து மெலிந்திருக்கிறது என்பது இரண்டாவது. மூன்று சென்டிமீட்டர் குழாய் மெல்ல மெல்லக் குட்டையாகி, கடைசியில் காகிதம்போல மெல்லிய விளிம்பாக மட்டும் தட்டுப்படும். மூன்றாவது மென்மை. இதைப் பழக்குவதற்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் எளிமையானது: நெற்றியைத் தொட்டுப் பார், மூக்கு நுனியைத் தொட்டுப் பார், உதட்டைத் தொட்டுப் பார். பக்குவமான கழுத்து உதடுபோல இருக்கும். நான்காவது, வாய் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது. பக்குவமாகாத கழுத்து முதுகெலும்புப் பக்கம் திரும்பி, விரலுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். பரிசோதனை சில பெண்களுக்கு அவ்வளவு வலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நாள் நெருங்க நெருங்க அது முன்னால் திரும்பி எளிதாகக் கைக்கு வரும். ஐந்தாவது, குழந்தையின் தலை இடுப்பு எலும்புக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது.

இந்த ஐந்துக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறையை 1964இல் வெளியிட்டவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த எட்வர்ட் பிஷப். மொத்தம் 13. அவர் பார்த்த பெண்களில் ஒன்பதும் அதற்கு மேலும் வாங்கியவர்களுக்கு வலியை வரவழைக்கும் முயற்சி தோற்கவில்லை. கருவி எதுவும் இல்லாமல், இரண்டு விரலும் ஒரு துண்டுக் காகிதமும் போதும் என்பதால் அறுபது ஆண்டுகளாகியும் எல்லா நாட்டுப் பிரசவ அறைகளிலும் பிஷப் ஸ்கோர் இருக்கிறது. ஆனால் அது பிறந்த நோக்கத்தை மறக்கக் கூடாது. மருந்து கொடுத்து வலி வரவழைத்தால் உடம்பு ஒத்துழைக்குமா என்பதுதான் பிஷப் கேட்ட கேள்வி. தானாக எப்போது வலி வரும் என்பதற்கு அதைப் பதிலாக வாசித்தால் ஏமாற்றம் வரும். மதிப்பெண் கூடியவர்களுக்குச் சராசரியாகச் சீக்கிரம் பிரசவமாகும், உண்மைதான். சராசரியை வைத்து ஒரு பெண்ணுக்கு நாள் குறிக்க முடியாது.

தலைப்பிரசவத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் இதில் பெரிய வித்தியாசம் உண்டு. முதல் பிள்ளைக்குக் கழுத்து முதலில் மெலியும், பிறகுதான் விரியும். அதனால் முழுக்கத் தேய்ந்து தயாராக இருக்கும் ஒரு கழுத்தைக்கூட “ஒரு விரல்தான்” என்று சொல்ல வேண்டியிருக்கும். ஏற்கெனவே பிள்ளை பெற்றவருக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கும். அவருடைய வெளிவாய் பழையபடி வட்டப் புள்ளியாக ஆவதில்லை, கிடைமட்டக் கீறல்போல இருக்கும். கடைசி மாதத்தில் ஒன்றிரண்டு விரல் திறந்த நிலையிலேயே வாரக்கணக்கில் நடமாடுவார். இரண்டு பெண்களின் “இரண்டு விரல்” ஒன்றல்ல.

விரலும் அளவுகோல் அல்ல. ஒரு விரல் என்பது ஒன்றரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்கிறோம். கைக்குக் கை மாறும். மறைத்து வைத்த செயற்கைக் கழுத்து மாதிரிகளை அனுபவமுள்ள மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் கொடுத்து அளக்கச் சொன்ன ஆய்வுகள் உண்டு. சென்டிமீட்டர் துல்லியமாகச் சரியாகச் சொன்னது கிட்டத்தட்டப் பாதி முறைதான். ஒரு சென்டிமீட்டர் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை என்று விட்டால் பத்தில் ஒன்பது முறை சரி. காலையில் பார்த்தவர் மூன்று என்றும் மாலையில் பார்த்தவர் இரண்டு என்றும் சொன்னால் வாய் திரும்ப மூடிக்கொண்டதாக அழ வேண்டியதில்லை. கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முன்னேற்றம் தெரிய வேண்டுமென்றால் அதே கை திரும்பப் பார்ப்பது நல்லது.

அப்படியானால் வலி வருவதற்கு முன் இந்தப் பரிசோதனை எதற்கு? காரணம் இருந்தால் கட்டாயம் வேண்டும். ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, சர்க்கரை இருக்கிறது, 41 வாரம் தாண்டப்போகிறது, குழந்தையின் வளர்ச்சி போதவில்லை என்று வலியை வரவழைக்க வேண்டிய நிலை வந்தால், எந்த வழியில் தொடங்குவது என்பதைக் கழுத்தின் பக்குவம்தான் தீர்மானிக்கும். வலி வந்திருப்பது பிரசவ வலியா, சூட்டு வலியா என்று பிரித்தறியவும் வேண்டும். ஒரு காரணமும் இல்லாமல் 37ஆவது வாரத்திலிருந்து வாராவாரம் பார்ப்பதால் தாய்க்கோ பிள்ளைக்கோ நன்மை உண்டு என்று ஆய்வுகள் காட்டவில்லை. அப்படிப் பார்ப்பது பனிக்குடம் முன்கூட்டி உடையக் காரணமாகிறது என்று 1984இல் ஓர் ஆய்வு சொன்னது. 1992இல் இன்னோர் ஆய்வு அப்படி இல்லை என்றது. எனவே இதைக் கண்டு பயப்படவும் வேண்டாம், இதுதான் கவனிப்பின் அடையாளம் என்று கேட்டு வாங்கவும் வேண்டாம்.

விரல் வைக்கவே கூடாத நேரமும் உண்டு. நஞ்சு கீழிறங்கி வாயை மறைத்திருந்தால் தொடுவதே பெரும் ரத்தப்போக்கைக் கிளப்பிவிடும். ரத்தம் பட்டால் முதலில் ஸ்கேன், பிறகுதான் மற்றதெல்லாம். வலி இல்லாமல் பனிக்குடம் உடைந்துவிட்டாலும் விரல் பரிசோதனையைக் கூடிய மட்டும் குறைப்பார்கள். ஒவ்வொரு முறையும் கிருமி உள்ளே போக வழி.

பரிசோதனையோடு சேர்த்துச் சிலர் செய்யும் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்வாயை ஒட்டியிருக்கும் பனிக்குடச் சவ்வை விரலால் சுற்றி விலக்கிவிடுவது அது. அந்த இடத்திலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து கழுத்தை இளக்கும். 44 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய 2020ஆம் ஆண்டுக் காக்ரேன் அறிக்கை, இதைச் செய்தவர்களில் மருந்து கொடுத்து வலி வரவழைக்கும் தேவை ஓரளவு குறையக்கூடும் என்கிறது. பயனுள்ள வழிதான். ஆனால் வலிக்கும், லேசாக ரத்தம் படும். அதனால் முன்கூட்டிச் சொல்லி, சரி என்று கேட்டபிறகு செய்ய வேண்டும். சொல்லாமல் செய்துவிட்டு “கொஞ்சம் வலிக்கும்மா” என்று முடித்துக்கொள்வது தவறு. நம் ஊர்ப் பிரசவ வார்டுகளில் மாற வேண்டிய பழக்கங்களில் இதை நான் முதலில் வைப்பேன். பி.வி. பார்ப்பதற்கும் அதேதான்: மறைப்புத் திரை, ஏன் பார்க்கிறோம் என்று ஒரு வாக்கியம், வேண்டாம் என்றால் நிறுத்தும் மனது.

கழுத்து பக்குவமாகாமல் இருக்கும்போதே வலி வரவழைக்க வேண்டி வந்தால், ஊறவைக்கும் வேலையை முதலில் வெளியிலிருந்து செய்ய வேண்டும். உடம்பு சுரக்கும் அதே வகைப் புரோஸ்டாகிளாண்டினைத்தான் ஜெல்லாக வாய்க்கருகே வைக்கிறார்கள். 1968இல் உகாண்டாவின் கம்பாலாவில் சுல்தான் கரீம் புரோஸ்டாகிளாண்டின் கொடுத்துப் பிரசவ வலியை வரவழைத்துக் காட்டியதிலிருந்து வந்த வழி இது. சிறுநீர் போகப் போடும் ஃபோலி குழாயின் பலூனை உள்வாய்க்கு மேலே ஊதி அழுத்தம் கொடுப்பது இன்னொரு வழி. மிசோப்ரோஸ்டால் மாத்திரை மூன்றாவது. நாகப்பூரின் அரசு மருத்துவமனைகளில் ரத்த அழுத்தம் ஏறிய 602 பெண்களிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், வாய்வழி மிசோப்ரோஸ்டால் எடுத்தவர்களில் 57 சதவீதம் பேருக்கு 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம். பலூன் வைத்தவர்களில் 47 சதவீதம். குறித்துக்கொள்ள வேண்டியது, எந்த வழியானாலும் ஒரு நாளுக்குள் முடியாதவர்கள் ஏராளம் என்பது. ஜெல் வைத்த மறுநாளும் வலி வரவில்லையே என்று கலங்கும் குடும்பத்துக்கு இதைச் சொல்ல வேண்டும்.

“வாய் திறக்கலைன்னு ஆபரேஷன் பண்ணிட்டாங்க” என்பது தமிழ்நாட்டில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அவற்றில் பல உயிர் காத்தவை. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் இரண்டு வேறு நிலைகள் இருக்கின்றன. வலியே தொடங்காத பெண்ணுக்கு வாய் மூடியிருப்பது இயல்பு. அது மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது. வலி தொடங்கியபின் திறக்கவில்லை என்றால் எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பது வேறு கேள்வி, அதற்கான விடையும் மாறியிருக்கிறது. 1950களில் எமானுவேல் ஃப்ரீட்மன் நியூயார்க்கில் வரைந்த வரைபடத்தை ஒட்டி, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்று தலைமுறைகளாகக் கற்பித்தார்கள். சில பெண்களுக்கு அந்த வேகம் சாத்தியமே இல்லை, அதை வைத்து இயல்பு எது என்று முடிவு கட்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது. வேகம் பிடிப்பது ஐந்து சென்டிமீட்டருக்குப் பிறகுதான். அதுவரை மெதுவாகப் போவது கோளாறு அல்ல. தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்வரை பொறுத்திருக்க இடம் உண்டு.

மறுபக்கம், பக்குவமாகாத கழுத்தில் வலி வரவழைத்தால் சிசேரியன்தான் என்ற பயமும் அவ்வளவு சரியில்லை. அந்தப் பயத்தைத் தந்த பழைய கணக்குகள், மருந்து கொடுத்தவர்களைத் தானாக வலி வந்தவர்களோடு ஒப்பிட்டன. ஆனால் பரிசோதனை நாளில் ஒரு பெண் முன்னால் இருக்கும் மாற்று, தானாக வலி வருவது அல்ல, காத்திருப்பது. காத்திருக்கும்போது அழுத்தம் ஏறலாம், நாள் தாண்டலாம். இந்தச் சரியான ஒப்பீட்டைச் செய்த அமெரிக்க ஆய்வு 2018இல் வந்தது. சிக்கல் இல்லாத 6106 தலைப்பிரசவப் பெண்கள். 39ஆவது வாரத்தில் வலி வரவழைத்தவர்களில் 18.6 சதவீதம் சிசேரியன், காத்திருந்தவர்களில் 22.2 சதவீதம். கட்டிலுக்கு ஒரு செவிலியர் இருக்கும் இடத்து எண்ணை, நெரிசலான நம் வார்டுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. ஆனாலும் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று கேட்கும் பழக்கத்தை அது கற்றுத் தருகிறது.

இதே மாற்றங்கள் நாளுக்கு முன்பே வந்துவிடும் பெண்களும் இருக்கிறார்கள். 24ஆவது வாரத்தில் கழுத்து சராசரியாக 35 மில்லிமீட்டர் நீளம் இருக்கும் என்று 2915 பெண்களை அளந்த 1996ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. 25க்குக் கீழே போனால் குறைமாதப் பிரசவ ஆபத்து கூடுகிறது. இதை விரலால் நம்பிக்கையாகக் கண்டுபிடிக்க முடியாது, பிறப்புப் பாதை வழியாகச் செய்யும் ஸ்கேன்தான் வேண்டும். கண்டுபிடித்துவிட்டால், முன்னால் சொன்ன அதே புரோஜெஸ்டிரோனை உள்ளே வைக்கும் மருந்தாகக் கொடுத்துப் பலரைக் காப்பாற்ற முடிகிறது. ஐந்தாம் மாத ஸ்கேனின்போது கழுத்து நீளத்தையும் பார்த்தார்களா என்று கேட்பது, ஒன்பதாம் மாதத்தில் எத்தனை விரல் என்று கேட்பதைவிடப் பயனுள்ள கேள்வி.

கடைசி வாரங்களில் வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை வேறு. ரத்தம் கலந்த சளி கொஞ்சம் பட்டால், அடைப்பாக இருந்தது விலகியிருக்கிறது. வலிக்கு இன்னும் மணிக்கணக்கும் ஆகலாம், நாட்கணக்கும் ஆகலாம். பரிசோதனைக்கு மறுநாள் லேசாகக் கறை படுவதும் சாதாரணம். வலி விட்டுவிட்டு வந்து, ஓய்வெடுத்தால் அடங்கினால் சூட்டு வலி. சீரகத் தண்ணீர் குடித்து அடங்குவதும் இதுதான், தானாகவே அடங்கியிருக்கும். ஒழுங்கான இடைவெளியில் வந்து, இடைவெளி குறுகி, வலு கூடிக்கொண்டே போனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். தண்ணீர் ஒழுகினால், சிவப்பாக ரத்தம் போனால், தலைவலியோடு கண் மங்கினால், குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால், காலையில்தான் “மூடியிருக்கு” என்று சொல்லி அனுப்பினார்கள் என்று யோசிக்காமல் உடனே போக வேண்டும். வழியில் வண்டி கிடைக்காத ஊராக இருந்தால் 108ஐ அழைக்க வலி முற்றும்வரை காத்திருக்க வேண்டாம்.